சம்பளம் ஏறுது, சேமிப்பு ஏன் ஏறல? மாற்றத்தை மெதுவா பழக்கமாக்கும் வழி



ரெண்டே ரெண்டு கேள்வி. நீங்க வேலைக்குச் சேர்ந்தப்போ உங்க சம்பளம் எவ்வளவு? இப்போ எவ்வளவு? கண்டிப்பா கூடியிருக்கும். சரி, அடுத்தது. அப்போ மாசத்தின் 25-ஆம் தேதி அக்கவுண்ட்ல எவ்வளவு மீதி இருந்தது? இப்போ எவ்வளவு மீதி இருக்கு?

முதல் கேள்விக்குச் சட்டுனு பதில் சொல்லிட்டு, ரெண்டாவது கேள்விக்கு லேசா சிரிச்சிருப்பீங்க. பரவாயில்ல. சம்பளம் ரெண்டு மடங்கு ஆன பிறகும் 25-ஆம் தேதி நிலவரம் அப்படியே இருக்குன்னா, அதுக்குச் சம்பளம் மட்டும் காரணமா இருக்க முடியாது. வேற எதுவோ நம்மைப் பிடிச்சு இழுக்குது. அது என்ன, அதை எப்படிச் சமாளிக்கிறதுன்னுதான் இந்தப் பதிவுல பார்க்கப் போறோம்.

தெரியாமல் யாரும் இல்லை

நம்ம வீடியோக்களைப் பார்க்கிற உங்களுக்கு எஸ்ஐபி தெரியும், இபிஎஃப் தெரியும், ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி வேணும்னும் தெரியும். ஆனா தெரிஞ்சதுக்கும் செய்யுறதுக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கு. ஜனவரி ஒண்ணாம் தேதி புது ஆப் டவுன்லோட் பண்ணி, பத்து நாள் ஒவ்வொரு டீச் செலவையும் எழுதி, பொங்கல் முடிஞ்சதும் மறந்துபோறோமே, அந்தப் பள்ளம்தான். நம்ம ஊர்ல இதுக்கு ‘ஆரம்ப சூரத்தனம்’னு ஒரு பேரே இருக்கு.

இதைச் சோம்பேறித்தனம்னு நினைச்சு உங்களையே திட்டிக்காதீங்க. தினமும் காலையில பஸ் பிடிச்சு, சரியான நேரத்துக்கு ஆபீஸ் போய், டார்கெட் முடிச்சுட்டு வர்ற ஒருத்தரைச் சோம்பேறின்னு சொல்ல முடியாது. சிக்கல், மாற்றத்தை நம்ம மனசு பார்க்கிற விதத்துல இருக்கு.

மனசு ஏன் முரண்டு பிடிக்குது?

மூணு காரணம் இருக்கு.

ஒண்ணு, இழப்பு வலிக்கும். டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற ரெண்டு உளவியல் அறிஞர்கள் 1979-ல வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத்தான் விளக்குது. ஆயிரம் ரூபாய் கிடைக்கிற சந்தோஷத்தைவிட, அதே ஆயிரத்தை இழக்கிற வலி நமக்குப் பெருசு. கைக்கு 35,000 வாங்கிப் பழகினவருக்கு, 5,000 பிடித்தம் போய் 30,000 வந்தா, அது சேமிப்பா தெரியாது. சம்பளம் குறைஞ்ச மாதிரிதான் தெரியும்.

ரெண்டு, இருக்கிறபடியே விட்டுடுறது சுலபம். 1988-ல வில்லியம் சாமுவேல்சன், ரிச்சர்ட் ஜெக்ஹவுசர் என்ற பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்து எழுதினாங்க. வேற நல்ல வழி கண்ணு முன்னாடி இருந்தாலும், ஏற்கெனவே இருக்கிற ஏற்பாட்டையே நாம பிடிச்சுக்கிட்டு இருப்போம். மூணு வருஷமா பார்க்காத ஓடிடி சந்தா இன்னும் மாசாமாசம் கழியுதே, அதுக்குக் காரணம் இதுதான்.

மூணு, ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’. இன்னைக்கு வாங்குற செருப்பு கண்ணு முன்னாடி இருக்கு. இருபது வருஷம் கழிச்சு வரப்போற பணம் கண்ணுக்குத் தெரியல. அதனால, ‘இந்த மாசம் கல்யாணம் ரெண்டு இருக்கு, அடுத்த மாசத்துல இருந்து கண்டிப்பா’ன்னு மனசு சமாதானம் சொல்லும். அடுத்த மாசம் தீபாவளி வரும்.

இந்த மூணையும் மன உறுதியை வச்சு ஜெயிக்கப் பார்த்தா ஒரு மாசம், ரெண்டு மாசம் தாக்குப்பிடிக்கலாம். அப்புறம் பழைய கதைதான். சண்டை போடாம இந்த மூணையும் நம்ம பக்கம் திருப்பிட்டா? அதைத்தான் ரெண்டு பேர் செஞ்சு காட்டினாங்க.

மெதுவா போனவங்க முந்தின கதை

ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்ஸி. ரெண்டு பேரும் பொருளாதாரப் பேராசிரியர்கள். தேலருக்கு 2017-ல நோபல் பரிசு கிடைச்சது. இவங்க வடிவமைச்ச ஒரு திட்டம் 1998-ல அமெரிக்காவில் ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனத்துல நடைமுறைக்கு வந்தது. திட்டத்தோட பேரு ‘நாளைக்கு இன்னும் அதிகமா சேமி’ன்னு அர்த்தம் வர்ற மாதிரி இருக்கும்.

என்ன பண்ணாங்க? அங்க வேலை பார்க்கிறவங்க ஓய்வுக்காலச் சேமிப்பு ரொம்பக் குறைவா போட்டுக்கிட்டு இருந்தாங்க. நிதி ஆலோசகர் ஒருத்தர் அவங்களைத் தனித்தனியா சந்திச்சார். ‘இப்பவே சேமிப்பைச் சம்பளத்துல 5 சதவீதப் புள்ளி கூட்டுங்க’ன்னு பெரும்பாலானவங்களுக்குச் சொன்னார். நாலுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமான பேர்தான் ஆலோசனையை ஏத்துக்கிட்டாங்க. மத்தவங்க, ‘கட்டுப்படியாகாது’ன்னு சொல்லிட்டாங்க.

அப்படி மறுத்தவங்ககிட்ட வேற ஒரு வழி சொன்னாங்க. ‘இப்போ ஒரு பைசாகூடக் கூட்ட வேண்டாம். அடுத்த தடவை சம்பளம் ஏறும்போது 3 சதவீதப் புள்ளி தானா சேமிப்புக்குப் போகட்டும். அதுக்கடுத்த உயர்வுலயும் அப்படியே. பிடிக்கலைன்னா எப்போ வேணும்னாலும் நிறுத்திக்கலாம்.’ இதுக்கு 78 சதவீதம் பேர் சரின்னு சொல்லிட்டாங்க. நாலு சம்பள உயர்வு முடியுற வரைக்கும் அவங்கள்ல 80 சதவீதம் பேர் விலகவே இல்ல.

இப்போதான் முக்கியமான விஷயம். இந்த வழியில சேர்ந்தவங்களோட சேமிப்பு 40 மாசத்துல சம்பளத்தின் 3.5 சதவீதத்துல இருந்து 13.6 சதவீதத்துக்கு ஏறிடுச்சு. முதல் நாளே ஆலோசனையைக் கேட்டு ஒரே தாவா தாவினவங்க 4.4-ல இருந்து 9 சதவீதத்துக்குப் போனாங்க. ஆனா அதோட நின்னுட்டாங்க. மூணு வருஷம் கழிச்சும் அவங்க 9-க்குப் பக்கத்துலயேதான் இருந்தாங்க.

முதல்ல ‘முடியாது’ன்னு சொன்னவங்கதான் கடைசியில முன்னாடி போனாங்க. அவங்க குணம் மாறிடலை. சம்பளம் ஏறும்போது பிடிச்சதால கைக்கு வர்ற தொகை குறையவே இல்ல, அதனால இழப்பு வலி இல்ல. தானா நடந்ததால, ‘இருக்கிறபடியே விட்டுடுற’ குணம் இவங்களுக்கே சாதகமாயிடுச்சு. ஆரம்பம் நாளைக்குன்னு சொன்னதால, ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ங்கிற மனசும் சம்மதிச்சுடுச்சு.

நம்ம சம்பளத்துல இதை எப்படிப் போடுறது?

நம்ம ஊர் கணக்குக்கு வருவோம். கைக்கு மாசம் 35,000 ரூபாய் வாங்குற ஒருத்தரை எடுத்துக்குவோம். வருஷத்துக்கு 8 சதவீதம் சம்பள உயர்வுன்னு வச்சுக்குவோம். அவர் இப்போ 2,000 ரூபாய்ல சேமிப்பை ஆரம்பிக்கிறார். இனிமே ஒவ்வொரு உயர்விலும் பாதி சேமிப்புக்கு, பாதி செலவுக்கு. இது ஒண்ணுதான் விதி.

முதல் வருஷம்: சம்பளம் 35,000, சேமிப்பு 2,000, செலவுக்கு 33,000.
ரெண்டாம் வருஷம்: சம்பளம் 37,800, சேமிப்பு 3,400, செலவுக்கு 34,400.
மூணாம் வருஷம்: சம்பளம் 40,824, சேமிப்பு 4,912, செலவுக்கு 35,912.
நாலாம் வருஷம்: சம்பளம் 44,090, சேமிப்பு 6,545, செலவுக்கு 37,545.
அஞ்சாம் வருஷம்: சம்பளம் 47,617, சேமிப்பு 8,308, செலவுக்கு 39,309.

ஆரம்பத்துல சம்பளத்தில் 6 சதவீதம்கூட இல்லாத சேமிப்பு, அஞ்சாம் வருஷம் 17 சதவீதத்தைத் தாண்டிடுச்சு. வட்டி சேர்க்காமலே போட்ட பணம் மட்டும் 3 லட்சம் ரூபாய். இந்த அஞ்சு வருஷத்துல ஒரு வருஷம்கூட அவரோட செலவுப் பணம் குறையலைன்னு கவனிச்சீங்களா?

‘விலைவாசி ஏறுதே, பாதி உயர்வு எப்படிப் பத்தும்?’னு கேட்கலாம். நியாயமான கேள்வி. மேல இருக்கிற கணக்குல செலவுப் பணம் வருஷத்துக்குச் சுமார் 4.5 சதவீதம் கூடுது. ரிசர்வ் வங்கி வச்சிருக்கிற பணவீக்க இலக்கு 4 சதவீதம். ஆக, விலைவாசி அந்த அளவுல ஏறினா சமாளிக்க முடியும். உங்களுக்கு ஒரு வருஷம் 4 சதவீதம்தான் உயர்வு வந்தா, அந்த வருஷம் பாதிக்குப் பதிலா கால் பங்கு போடுங்க. அளவு மாறலாம். உயர்வு வந்தா ஒரு பங்கு சேமிப்புக்குங்கிற விதி மாறக் கூடாது.

நீண்ட காலத்துல இந்த வித்தியாசம் எவ்வளவு பெருசாகும்? மாசம் 5,000 ரூபாய், 20 வருஷம், வருஷத்துக்கு 10 சதவீத வளர்ச்சின்னு வச்சுக்கிட்டா, போட்டது 12 லட்சம், கைக்கு வர்றது சுமார் 38 லட்சம். அதே 5,000-ஐ ஒவ்வொரு வருஷமும் 10 சதவீதம் கூட்டிக்கிட்டே போனா, போட்டது சுமார் 34 லட்சம், கைக்கு வர்றது சுமார் 80 லட்சம். ‘அஞ்சு வருஷம் கழிச்சு ஆரம்பிக்கிறேன்’னு சொல்லி 15 வருஷம் மட்டும் மாசம் 5,000 போட்டா? சுமார் 21 லட்சம்தான். போடாம விட்டது 3 லட்சம், குறைஞ்சது 17 லட்சம்.

ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. இந்த 10 சதவீதம் கணக்குக்காக எடுத்துக்கிட்டது. பங்குச் சந்தை எந்த வருமானத்துக்கும் உத்தரவாதம் தராது.

21 நாள் கதை

‘21 நாள் தொடர்ந்து செஞ்சா பழக்கமாயிடும்’னு ஏகப்பட்ட ரீல்ஸ்ல கேட்டிருப்பீங்க. மேக்ஸ்வெல் மால்ட்ஸ்ங்கிற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல எழுதின ஒரு புத்தகத்துல இருந்துதான் இது பரவிச்சு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்களோட புது முகத்துக்குப் பழகவே நோயாளிகளுக்குக் குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு அவர் கவனிச்சதை எழுதினார். அந்தக் ‘குறைஞ்சது’ காலப்போக்குல காணாமப் போயிடுச்சு.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலி தலைமையில 96 பேரை வச்சு ஒரு ஆய்வு நடந்தது. மதியச் சாப்பாட்டோட ஒரு பழம், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி 15 நிமிஷம் ஓட்டம் மாதிரி சின்னச் சின்னப் பழக்கங்கள். அது யோசிக்காமலே செய்யுற அளவுக்கு வர எவ்வளவு நாள் ஆச்சு? நடுத்தரமா 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா பழக்கம் கெட்டுப்போகலைங்கிறதும் அதே ஆய்வுல தெரிஞ்சது.

இதை நம்ம பணத்துக்குப் பொருத்திப் பாருங்க. சேமிப்பு மாசத்துக்கு ஒரு தடவை செய்யுற வேலை. வருஷத்துக்கு 12 தடவை. 66 தடவை செய்யணும்னா அஞ்சரை வருஷம் ஆகும்! அதனால மாசாமாசம் ஞாபகம் வச்சு, மனசு வச்சு பணம் போடுறதை ஒரு பழக்கமா வளர்க்கிறது ரொம்பக் கஷ்டம். அதைத் தானா நடக்க விட்டுடணும். நாம பழக்கமா வளர்க்க வேண்டியது வேற ஒண்ணு: பணத்தைப் பார்க்கிற பழக்கம்.

செய்ய வேண்டியவை

1. முதல்ல தீயை அணைக்கணும். கிரெடிட் கார்டுல குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கிட்டு இருந்தா, அந்த வட்டி வருஷத்துக்கு 36 சதவீதம், 40 சதவீதம்னு போகும். எந்த முதலீடும் அதுக்கு ஈடு கொடுக்காது. அந்தக் கடன் முடியுற வரைக்கும் நம்ம ‘பாதி விதி’ப் பணம் முழுக்க அங்கேயே போகட்டும்.

2. சிரிப்பு வர்ற அளவுக்குச் சின்னத் தொகையில ஆரம்பிங்க. 500 ரூபாய் ஆர்டி போதும். இந்தக் கட்டத்துல தொகை முக்கியம் இல்ல, குழாய் போட்டு வைக்கிறதுதான் முக்கியம். தண்ணியை அப்புறம் கூட்டிக்கலாம். முதல்ல அவசர நிதி, அதுக்கப்புறம் நீண்ட கால முதலீடு.

3. தேதியைச் சரியா வைங்க. சம்பளம் ஒண்ணாம் தேதி வந்தா பிடித்தம் மூணாம் தேதி. சம்பளம் சில சமயம் தாமதமா வரும்னா அஞ்சாம் தேதி. மாசக் கடைசியில மட்டும் வேண்டாம். மிச்சத்துல சேமிக்கலாம்னு நினைச்சா மிச்சமே இருக்காது.

4. உயர்வை இப்பவே பதிவு பண்ணிடுங்க. எஸ்ஐபி ஆரம்பிக்கும்போதே ‘டாப்-அப்’ அல்லது ‘ஸ்டெப்-அப்’னு ஒரு வசதி இருக்கும். வருஷத்துக்கு 10 சதவீதம், அல்லது இவ்வளவு ரூபாய்னு போட்டுடலாம். வங்கி மேண்டேட் கொடுக்கும்போது அதிகபட்சத் தொகையைக் கொஞ்சம் கூடுதலா வச்சா, ஒவ்வொரு தடவையும் புதுசா கையெழுத்து போட வேண்டியிருக்காது. சந்தையே வேண்டாம்னு நினைக்கிறவங்க, ஹெச்ஆர்கிட்ட விபிஎஃப் பத்திக் கேளுங்க. இபிஎஃப்-க்கு உங்க பங்கா போற 12 சதவீதத்துக்கு மேல நீங்களா கூடுதலா போடுறது அது. வட்டி அதே இபிஎஃப் வட்டிதான். 2024-25-க்கு 8.25 சதவீதம். சில நிறுவனங்கள்ல நிதியாண்டு தொடக்கத்துல மட்டும்தான் மாத்த முடியும்.

5. வாரத்துக்குப் பத்து நிமிஷம். இதுதான் நீங்க கையால வளர்க்க வேண்டிய பழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடிச்சு முடிச்சதும், அந்த வாரத்தோட யுபிஐ கணக்கைத் திறந்து மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை பாருங்க. எழுத வேண்டாம், எக்செல் வேண்டாம், உங்களைத் திட்டிக்கவும் வேண்டாம். ‘இது தேவையா இருந்தது, இது சும்மா போச்சு’ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா போதும். காபியோட சேர்த்து வச்சா காபியே ஞாபகப்படுத்தும். வருஷத்துக்கு 52 தடவை ஆகிடும்.

விட்டுப்போனா என்ன பண்றது?

விட்டுப்போகும். அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, தங்கச்சி காலேஜ் ஃபீஸ், திடீர்னு வேலை போறதுன்னு ஏதாவது வரும். ஒரு மாசம் தவறினா ‘போச்சு, எல்லாம் போச்சு’ன்னு நினைச்சு மொத்தமா விடுறதுதான் உண்மையான நஷ்டம்.

முன்கூட்டியே தெரிஞ்சா எஸ்ஐபியை ‘பாஸ்’ பண்ணி வைங்க, பல ஃபண்டுகள்ல அந்த வசதி இருக்கு. அக்கவுண்ட்ல பணம் இல்லாம பிடித்தம் திரும்பினா வங்கி அபராதம் போடும். மாசாந்திர எஸ்ஐபி தொடர்ந்து மூணு தடவை தவறினா ரத்தாயிடும். அதனால ஒரு விதி வச்சுக்கோங்க: ஒரு மாசம் தவறலாம், தொடர்ந்து ரெண்டு மாசம் தவறக் கூடாது. தொகையை 5,000-ல இருந்து 500-ஆ குறைச்சாவது குழாயைத் திறந்தே வைங்க.

இன்னொரு சோதனை சந்தை விழும்போது வரும். 2020 ஜனவரியில 42,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், மார்ச் 23 அன்னைக்கு 26,000-க்குக் கீழ முடிஞ்சது. அன்னைக்குப் பயந்து நிறுத்தினவங்க, மலிவா கிடைச்ச யூனிட்களை விட்டுட்டாங்க. அதே வருஷம் டிசம்பர் கடைசியில சென்செக்ஸ் 47,000-க்கு மேல இருந்தது. எல்லாச் சரிவும் இவ்வளவு சீக்கிரம் சரியாகாது. 2008 சரிவுக்குப் பிறகு பழைய உச்சத்தைத் தொட 2010 நவம்பர் வரைக்கும் ஆச்சு. ரெண்டு, மூணு வருஷத்துல தேவைப்படுற பணத்தைப் பங்குச் சந்தைப் பக்கமே கொண்டுபோகாதீங்கன்னு நாம திரும்பத் திரும்பச் சொல்றது இதுக்காகத்தான். அந்தப் பணம் அங்க இல்லைன்னா, சரிவு வரும்போது உங்களுக்குப் பயமும் குறையும்.

வீட்டுல எதிர்ப்பு வந்தா?

மாற்றத்துக்கு எதிர்ப்பு நம்ம மனசுக்குள்ள மட்டும் இல்ல, வீட்டுலயும் வரும். ‘மியூச்சுவல் ஃபண்டா? பேசாம ஒரு நகைச்சீட்டு போடு’ன்னு அம்மா சொல்வாங்க. ‘சம்பாதிக்கிற வயசுல கஞ்சத்தனமா?’ன்னு நண்பர்கள் கிண்டல் பண்ணுவாங்க.

அம்மாகிட்ட விவாதம் பண்ணி ஜெயிக்க வேண்டாம். அவங்க பயம் அனுபவத்துல இருந்து வந்தது. ஏமாத்துற நிதி நிறுவனங்கள்ல அக்கம்பக்கத்துல பணத்தைப் பறிகொடுத்தவங்களை அவங்க பார்த்திருப்பாங்க. அவங்க சொல்ற தங்கத்துக்கும் ஒரு சின்னப் பங்கு ஒதுக்குங்க. மீதியை உங்க வழியில போடுங்க. ஒரு வருஷம் கழிச்சு ஸ்டேட்மென்ட்டைக் காட்டுங்க. நீங்க எதிர்பார்க்கிற அதே மெதுவான மாற்றத்துக்கு அவங்களுக்கும் நேரம் கொடுக்கணும் இல்லையா? நண்பர்களோட வெளியே போறதையும் நிறுத்த வேண்டாம். அதுக்குத்தான் உயர்வுல பாதியைச் செலவுக்குன்னு விட்டிருக்கோம். குற்ற உணர்ச்சி இல்லாம செலவு பண்ணுங்க.

இந்த மாசம் ஒரே ஒரு வேலை

இதைப் படிச்சு முடிச்சதும் அஞ்சையும் ஒரே நாள்ல செய்யக் கிளம்பிடாதீங்க. அதுவும் ஆரம்ப சூரத்தனம்தான். ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. உங்க போன் காலண்டர்ல அடுத்த சம்பள உயர்வு வர்ற மாசத்தைத் திறந்து, ‘உயர்வுல பாதி சேமிப்புக்கு’ன்னு எழுதி வைங்க. உயர்வு கடிதம் வர்ற அன்னைக்கு, புதுச் சம்பளம் கைக்கு வந்து பழகுறதுக்கு முன்னாடி, பிடித்தத்தை மாத்திடுங்க. பழகாத பணத்தைப் பிரிஞ்சா வலிக்காது.

உயர்வுக்கு இன்னும் பத்து மாசம் இருக்குன்னா, இன்னைக்கு 500 ரூபாய் ஆர்டி ஆரம்பிச்சுட்டு, ஞாயிற்றுக்கிழமை காபியோட அந்தப் பத்து நிமிஷத்தைப் பழகிக்கோங்க. உயர்வு வர்ற நேரத்துல நாற்பது வாரம் முடிஞ்சிருக்கும். பணம் எங்க போகுதுன்னு அப்போ உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

அடுத்த வீடியோல எஸ்ஐபி டாப்-அப் எப்படிப் போடுறதுன்னு ஸ்கிரீன்ல ஒவ்வொரு படியா காட்டுறேன். உங்க 25-ஆம் தேதி நிலவரம் மாற ஆரம்பிச்சா மறக்காம வந்து சொல்லுங்க.